மச்சானுக்குத் தெரியாமல் ஒரு எஞ்சினியர்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு அம்மா வந்தார். காரிலிருந்து இறங்கினார். வாசலைப் பார்க்கவில்லை, வாங்க என்று கும்பிட்ட எங்களையும் சரியாகப் பார்க்கவில்லை. நேராக வீட்டின் பக்கவாட்டுக்குப் போனார். கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து எங்கள் சுவரைத் தட்டினார். டொக்... டொக்... பிறகு சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

விருந்தாளி இப்படியா நுழைவார்? நுழையலாம். நாங்களே வருந்தி அழைத்த ஆள்தான். ஆனால் அவர் யார், எதற்கு வருகிறார் என்று மலையில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

ரிட்டயர் ஆன கையோடு நான் சேந்தமங்கலத்தை விட்டுக் கொல்லிமலை ஏறிவிட்டவன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மனைவி செல்விக்குப் பிறந்த ஊர் எடப்புளி நாடு. அவள் பங்குக்கு வந்த சரிவு நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம். முன்னால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், பின்னால் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு. பக்கத்து வீடு செல்வியின் தம்பி பொன்னுசாமி வீடு. எனக்கு மச்சான்.

மச்சானுக்கு மிளகு, கிழங்கு எல்லாம் உண்டு. அதற்கு நடுவே அவர் மேஸ்திரி. சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகள் அவர் கையால் எழுந்தவை. எங்கள் வீட்டைக் கட்டியதும் அவர்தான். அதுவும் எப்படி? அந்த வருஷம் தன் மிளகுப் பறிப்பைக்கூட ஆட்களிடம் விட்டுவிட்டு எங்கள் அஸ்திவாரக் குழியிலேயே குடியிருந்தார். கல் கோணலாக இருந்தால் திருப்பி அனுப்புவார். மணலை அள்ளி முகர்ந்துகூடப் பார்ப்பார். சிமென்ட் கலக்கும்போது நான் போனில் பேசினால் முறைப்பார். அக்கா குடியிருக்கப் போகிற வீடு அல்லவா?

அந்த வீட்டில்தான் விரிசல் விட்டது.

ஆடி மழை முடிந்தபோது முதலில் பார்த்தேன். சமையலறை ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து கிளம்பி, படி இறங்குகிற மாதிரி மடங்கி மடங்கித் தரையை நோக்கிப் போயிருந்தது. வெளிச்சுவரில் முடி கனத்துக்கு ஒரு கோடு. முடிதானே என்று விட்டேன். ஆவணியில் அது பென்சில் கோடாகிவிட்டது. புரட்டாசியில் ஓர் எறும்புக் கூட்டம் குடும்பத்தோடு அதற்குள் குடியேறியது. அதோடு எனக்குத் தூக்கம் போயிற்று. அடுத்து ஐப்பசி... மலையில் ஐப்பசி மழை என்றால் எப்படி இருக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. சரிவில் கட்டிய வீடு வேறு.

"எந் தம்பிகிட்ட மூச்சு உடாதீங்க" என்றாள் செல்வி. "அவங் கட்டுன ஊட்டுக்கு இன்னொருத்தரக் கூட்டியாந்து கொறை பாக்கறோம்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சுருவான். அப்பறம் இந்தப் படி ஏற மாட்டான்."

மச்சானிடமே காட்டிவிடலாமே என்றால் அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. காட்டினால் மறு பேச்சில்லாமல் கடப்பாரையைக் கொண்டுவந்து மொத்தச் சுவரையும் இடித்துவிட்டுப் புதிதாக எழுப்ப ஆரம்பிப்பாராம். உடன்பிறந்தவள் சொல்கிறாள், இருக்கும்.

எனக்கும் பயம்தான். மச்சான் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. எங்கள் ஒரே மகள் தாரிணிக்குத் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். நாளைக்கு அவள் கல்யாணம் என்றால் மணவறைக்கு முன்னால் நிற்க வேண்டிய முதல் ஆள். அந்த மனுஷன் ஒரு சுவருக்காக வாசல்படி ஏறாமல் போய்விட்டால்? வீடும் நிற்க வேண்டும், மச்சானும் வேண்டும். இதுதான் என் கவலை.

ஆக, மச்சானுக்குத் தெரியாமல் விரிசலுக்கு ஒரு நிபுணரைத் தேட ஆரம்பித்தேன்.

விரிசலைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று நீங்களும் ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்களேன். நாட்டில் எத்தனை நிபுணர்கள் என்று அப்போதுதான் தெரியும்.

நாமக்கல்லில் ஒரு பெயின்ட் கடை. போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கடைக்காரர் படத்தை முழுசாகப் பார்க்கவில்லை, அதற்குள் அவர் கை அலமாரிக்குப் போய்விட்டது. ஒரு டப்பா பசை, அதன் மேல் ரெண்டு கோட் பெயின்ட். விரிசல் கண்ணுக்கே தெரியாது சார் என்றார். கண்ணுக்குத் தெரியாது, சரி. உள்ளே இருக்குமே? அதற்கு அவரிடம் டப்பா இல்லை.

பிளான் போட்டுத் தரும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். விரிசலைப் பற்றி ஒரு வரி. மாடியில் ரெண்டு ரூம் எடுத்தால் வீடு எப்படி எடுப்பாக இருக்கும் என்பதைப் பற்றிக் கலர் கலராக நாலு பக்கம். கீழேயே நிற்குமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர் மேலே போய்க்கொண்டிருந்தார்.

வாஸ்து பார்க்கும் நண்பர் நான் கூப்பிடாமலே வந்தார். ஜன்னல் தப்பான மூலையில் இருக்கிறதாம். அதை அடைத்துவிட்டால் சுவர் தன்னால் சரியாகிவிடும் என்கிற தோரணையில் பேசினார். சமையலறையில் செல்விக்கு மூச்சு முட்டுமே என்றேன். அதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருந்தார்.

இன்டர்நெட்? அதை மட்டும் கேட்காதீர்கள். ஒரே ஒரு தடவை, சுவரில் விரிசல் என்று தட்டினேன். அன்றிலிருந்து என் போன் எனக்கு சிமென்ட் விற்றுக்கொண்டிருக்கிறது.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் கையில் எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்து நீட்டினார்கள். ஆனால் எனக்கு வேண்டியது விற்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு ஆள். பார்க்க வேண்டும், இது பயப்பட வேண்டிய விரிசலா இல்லையா என்று சொல்ல வேண்டும், போய்விட வேண்டும். அப்படி ஒருவர் கிடைப்பது இவ்வளவு கஷ்டமா?

கடைசியில் வழி காட்டியவர் இந்தப் பத்தியைப் படிக்கும் ராசிபுரத்து வாசகர் ஒருவர். வேறு எதற்கோ போன் செய்தவரிடம் புலம்பினேன். நீங்க பார்க்க வேண்டியது ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் சார் என்றார். வீட்டின் அழகைப் பார்க்கிறவர் இல்லை, எலும்பைப் பார்க்கிறவர். சேலத்தில் கலாவதி என்று ஒரு அம்மா இருக்கிறார் என்று நம்பரும் கொடுத்தார்.

போன் செய்தேன். இவர் எதையும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். விரிசல் நேராக இறங்குகிறதா, மடங்கி மடங்கியா? மேலே அகலமா, கீழே அகலமா? வீட்டுக்குள்ளேயும் தெரிகிறதா? அந்த மூலை மண்ணை வெட்டிய பக்கமா, மண் கொட்டி நிரப்பிய பக்கமா? சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது? பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. விரிசலைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான்.

கடைசியாக ஒன்று கேட்டார். வீட்டைக் கட்டின மேஸ்திரி யார், அவரை வரச் சொல்ல முடியுமா?

வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். "அவர் துபாய் போயிட்டாருங்க."

ஆயுத பூஜை லீவில் ஒரு நாளைக் குறித்தோம். எஞ்சினியரம்மா கணவரோடு காரில் வருவதாக ஏற்பாடு. தாரிணியும் கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். முதல் நாள் செம்மேட்டுக்குப் போய் ஆப்பிள், ஆரஞ்சு, மிக்சர், நல்ல பிஸ்கட் எல்லாம் வாங்கினேன். அவ்வளவு தூரம் வளைவுகளில் ஏறி வருகிறவர்களை வெறும் டீயோடு அனுப்ப முடியுமா?

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பூக்காரம்மா என் பையைப் பார்த்துவிட்டார். யாருங்க வாராங்க என்றார். சும்மா, தெரிஞ்சவங்க என்று இழுத்தேன். எந்த ஊருங்க? சேலம் பக்கம். சொந்தமுங்களா? நான் பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். அந்தம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே மல்லிகைப் பூவில் ஒரு முழம் கூடுதலாக அளந்து கட்டிக் கொடுத்தார். எதற்கு அந்தச் சிரிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை வெளியே ஏதோ வரட் வரட்டென்று சத்தம். போய்ப் பார்க்கிறேன். மச்சான் நிற்கிறார். கையில் கரண்டி, பக்கத்தில் ஒரு சட்டி நிறையச் சுவரில் பூசக் குழைத்த பட்டி. விரிசல் இருந்த இடத்தில் விரிசலைக் காணோம். ஜன்னலிலிருந்து தரை வரை வழவழவென்று பூசி, மேலே வெள்ளையும் அடித்தாகிவிட்டது. ஈரம்கூடக் காயவில்லை.

"சும்மாதானுங்க மாமா. மழைக்கு முன்னால பூசி உட்றலாம்னு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எஞ்சினியர் வருவது எப்படியோ இவருக்குத் தெரிந்துவிட்டது. தன் வேலையின் குறை வெளியே தெரியக் கூடாது என்று விடியும் முன்பே வந்து மூடிவிட்டார். உள்ளே போய்ச் செல்வியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். எந் தம்பியா இப்படி என்று ஒரு தடவைதான் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எஞ்சினியரம்மா வந்த கதையைத்தான் முதலிலேயே சொன்னேனே. ஐம்பது வயது இருக்கும். நல்ல காட்டன் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. கணவர் வளைவுகளில் ஓட்டிவந்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அம்மா சுற்றி வந்து, ஈர வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, விரிசல் எங்கேங்க என்றார்.

"இங்கதாங்க... நேத்து வரைக்கும் இருந்துச்சு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இத்தனை வளைவு ஏறி வந்து, காணாமல் போன விரிசலைத் தேடுவதற்கு யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். குளித்து, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பின்னால் அவர் மனைவி கையில் ஒரு தட்டு — வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. அடுப்படிப் பக்கம் கால் கட்டிய நாட்டுக்கோழி ஒன்றும் வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. வந்தவர் எஞ்சினியரம்மாவைக் கும்பிட்டுவிட்டு, அவர் போகிற பக்கமெல்லாம் ரெண்டடி தள்ளிப் பணிவாகப் போனார்.

அடுத்து நடந்தது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அம்மா சுவரைத் தட்டினால் மச்சான், உறுதியான ஊடுங்க, காத்தும் மழையும் ஒண்ணும் பண்ணாதுங்க என்றார். அவர் குனிந்து சமையலறைக் குழாயைப் பார்த்தால், எங்க அக்கா சுத்தம்னா சுத்தமுங்க என்றார். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். தண்ணீர் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்கத்தான் கேட்டிருப்பார். மச்சான் ஒரே மூச்சில் சொன்னார் — ஒரே பொண்ணுங்க, நல்லாப் படிச்ச பொண்ணுங்க, அதிர்ந்து பேசாதுங்க, இருக்கறது எல்லாம் அதுக்குத்தானுங்க.

எஞ்சினியரம்மா என்னைப் பார்த்தார். நான் செல்வியைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தாரிணி பட்டுப் புடவை கட்டி, தலை நிறைய மல்லிகையோடு காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் எப்போதும் டீ சர்ட் போடுகிற பெண். அத்தை காலையில் வந்து கட்டிவிட்டாளாம், பூஜைக்காக என்று இவளும் கட்டிக்கொண்டாளாம். அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்ததா? இல்லை.

காபியைக் குடித்து முடித்த அம்மா, நிதானமாகச் சொன்னார். "இந்தப் பூச்சு மொத்தத்தையும் கொத்தி எடுத்திருங்க. உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம நான் எதுவும் சொல்ல முடியாது."

மச்சான் முகம் சுருங்கிப்போயிற்று. கொஞ்சம் வாங்க மாமா என்று என்னைப் பலா மரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"மாமா, இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாமுங்க. பொண்ணப் பாக்க வந்தவங்க பொண்ணப் பாக்கோணும். செவுத்தக் கொத்து, உள்ள பாக்கறேன்னா என்னங்க அர்த்தம்? இப்பவே இந்தக் கறார்னா நாளைக்குப் புள்ள அங்க போயி எப்படிப் பொழைக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"நீங்க எனக்குச் சொல்லீருக்கோணும் மாமா. எந் தாரிணிக்கு மாப்ள ஊட்டுக்காரங்க வாராங்கன்னு பூக்காரக்கா சொல்லித்தானா எனக்குத் தெரியோணும்? ராத்திரி பூராத் தூங்கலீங்க. என்ன தப்புப் பண்ணீட்டேன்னு யோசிச்சேன். சரி, கூப்புடாட்டிப் போவுது, நம்ம புள்ள காரியம்னு நானா வந்தேன். வாரவங்க நேத்து எங் கண்ணுல பட்ட வெடிப்பப் பாத்துட்டு, ஊடே இப்படி இருக்குதுன்னு புள்ளையக் கொறச்சுப் பேசீருவாங்கன்னுதான் காலைலயே வந்து பூசுனேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை, வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பேச்சு மட்டும் கைகூடும் வரை வெளியே விட மாட்டார்கள். மற்றபடி மாடு கன்று போட்டது முதல் மாமியார் சண்டை வரை எல்லாம் பஸ் ஸ்டாண்டில் அலசப்படும். ஆகவே ஒரு வீட்டில் யாராவது ஒரு விஷயத்தை மூடி மூடி வைத்தால் மலைக்கே தெரிந்துவிடும் — அங்கே பெண் பார்க்க வருகிறார்கள் என்று. கல்யாண வயசுப் பெண், லீவுக்கு வந்திருக்கிறாள். அப்பன் பழமும் பூவும் வாங்குகிறான், யார் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வேறு என்னவாக இருக்க முடியும்?

மேஸ்திரி மனசு நோகக் கூடாது என்று ஒளித்தோம். ஒளித்த லட்சணத்தில் தாய்மாமன் மனசை நோகடித்துவிட்டோம். சுவருக்கு வேறு ஆளைக் காட்டினால் கோபம் வரும், ஒரு வாரத்தில் போய்விடும். தாய்மாமனுக்குச் சொல்லாமல் பெண்ணைக் காட்டினால்? அது தலைமுறைக்கும் ஆறாது. அப்படி இருந்தும் இந்த மனுஷன் என்ன செய்திருக்கிறார்? சண்டைக்கு வரவில்லை. விடியக் காலையில் பட்டி குழைத்துக்கொண்டு வந்திருக்கிறார், கோழியோடு.

சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீடும் இல்லை, ஒன்றும் இல்லை மச்சான், அந்தம்மா எஞ்சினியர், விரிசல் பார்க்க வந்தவர், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் மறைத்தோம் என்று.

மச்சான் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"வெடிப்புப் பாக்கத்தானுங்களா?"

"ஆமாம் மச்சான்."

"தாரிணிக்கு ஒண்ணும் பாக்கலீங்களே?"

"பாத்தா உங்களுக்குத் தெரியாமப் பாப்போமா?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தோள் குலுங்கச் சிரிப்பு. "அட, இதுக்கா மாமா இத்தனை பாடு? நாங் கட்டுன ஊட்ட நாலு பேரு தட்டிப் பாத்தா என்னங்க கொறைஞ்சு போவுது?"

இந்த மனுஷன் படி ஏற மாட்டார் என்று பயந்து நாங்கள் ரெண்டு மாதமாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். என்னத்தைச் சொல்ல?

நேராக வீட்டுக்குப் போய் வெள்ளை வேட்டியை அவிழ்த்துவிட்டு லுங்கியில் வந்தார், உளியும் சுத்தியலுமாக. காலையில் தான் பூசியதைத் தானே கொத்த ஆரம்பித்தார். விரிசல் திரும்ப வெளியே வந்தது. எறும்புகளும் வந்தன.

எஞ்சினியரம்மா அவர் உளி பிடிக்கிற லாகவத்தைப் பார்த்தார். நீங்க மேஸ்திரியா, இந்த வீட்டைக் கட்டினவர் இருந்தா நல்லா இருந்திருக்கும், துபாய் போயிட்டாராமே என்றார்.

உளி நின்றது. மச்சான் மெதுவாகத் திரும்பினார். "நானு எப்பங்க மாமா துபாய் போனேன்?"

செல்வி உள்ளே ஓடிவிட்டாள். எனக்குத்தான் ஓட இடம் இல்லை. எஞ்சினியரம்மாவின் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த முதல் சுவாரசியம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் ரெண்டு பேரும் அந்த மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர்கள்தான். எங்களை மறந்தே போனார்கள். அந்த மூலை மண் கொட்டி நிரப்பிய பக்கம். அங்கே முன்பு இன்னொரு பலா மரம் நின்றது, வேரை முடிந்தவரை தோண்டி எடுத்துவிட்டுக் கல்லும் மண்ணும் போட்டு இடித்தேன் என்றார் மச்சான். தூரத்து வேர் மண்ணுக்குள் மக்கியிருக்கலாம் என்றார் அம்மா. பிறகு குழாயைக் காட்டினார். சமையலறைத் தண்ணீர் முழுக்க அந்த மூலையில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஏன்? அங்கே செல்வி ரெண்டு வாழை வைத்திருக்கிறாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வீணாகப் போகக் கூடாது என்று குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தாள். வாழை ரெண்டும் நன்றாகக் கொழுத்திருந்தன.

வேரா, தண்ணியா, எதுனாலங்க என்று மச்சான் கேட்டார். எஞ்சினியரம்மா சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன்.

"இப்ப தெரியாதுங்க. ரெண்டுமாவும் இருக்கலாம். மழை முடியட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்."

தெரியாது! பெயின்ட் கடையில் தெரிந்தது, வாட்ஸ்அப்பில் தெரிந்தது, வாஸ்துவுக்குத் தெரிந்தது. நேரில் வந்து, தட்டி, குனிந்து, மண்ணைக் கிளறிப் பார்த்தவருக்கு மட்டும் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. டாக்டரோ வக்கீலோ எஞ்சினியரோ, வந்த உடனே எல்லாம் தெரிந்துவிடுகிறவரைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொன்னார். வீடு விழாது, பயமில்லாமல் தூங்கலாம். தண்ணீரை முதலில் அந்த மூலையை விட்டு அப்புறப்படுத்த வேண்டும். கூரைத் தண்ணீரும் அங்கே தேங்காமல் ஒரு வாய்க்கால் வேண்டும். அஸ்திவாரத்தில் கை வைப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம்.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். பையிலிருந்து விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டுகளை எடுத்து, விரிசலின் குறுக்கே, ரெண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டச் சொன்னார். ஒட்டியது மச்சான்தான். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடைந்துவிடுமாம். உடையாமல் இருந்தால் விரிசல் அதோடு நின்றுவிட்டது என்று அர்த்தமாம். இந்த ஐப்பசி, கார்த்திகை தாண்டட்டும், உடைந்தால் உடனே போன் செய்யுங்கள் என்றார்.

கோழிக் குழம்புச் சாப்பாடு முடிந்தது. எஞ்சினியரம்மா ரெண்டாவது தடவை சோறு வாங்கினார். மச்சான் மனைவி அந்தத் தட்டை நீட்டினாள். இதெல்லாம் எதுக்குங்க என்று அம்மா தயங்கினார். சம்பந்தியம்மாவுக்குன்னு எடுத்ததுங்க, அவங்க வரலே, நீங்கதான் வந்தீங்க, வாங்கிக்கோங்க என்றாள். எஞ்சினியரம்மாவுக்கு அப்போதுதான் முழுக் கதையும் விளங்கியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே ரவிக்கைத் துணியைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்.

கார் போன பிறகு தாரிணி பட்டுப் புடவையோடு வந்து என் எதிரில் நின்றாள். "ஏம்ப்பா, நடந்தது எல்லாம் என்னைப் பத்தித்தானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. அந்த வீட்டில் அன்றைக்கு ஒருத்தருக்கொருத்தர் எதையும் சொல்லிக்கொள்ளாமல் எல்லோரும் எல்லோருக்காகவும் ஓடிக்கொண்டிருந்தோம்.

செல்வி வாழைக்குத் தனியாகக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாயிற்று. குழாயைத் திருப்பிப் போடும் வேலையை மச்சான் மறுநாளே ஆரம்பித்துவிட்டார். வேலையெல்லாம் முடிந்து கிளம்புகையில் கண்ணாடித் துண்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"மாமா, இது ஒடஞ்சா மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணோணும். எஞ்சினியரம்மாவுக்கு அப்பறந்தான்."

சரி என்று சொல்லியிருக்கிறேன். மழை நேற்று பிடித்துக்கொண்டது. கண்ணாடி உடையவில்லை. ஆனாலும் தினமும் மச்சானுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன்.